தண்ணீர் கசியாத கதவுகள்

ரேணிகுண்டாவில் வரிசையாக நிற்கும் ஷெட்டுகளில் பழைய கார் கதவுகளைப் புதுப்பிக்கிற ஷெட் தாட்சாயணியுடையது. அதற்கு முன் அவள் புருஷன் கிருஷ்ணப்பாவுடையது. துருப்பிடித்த தகட்டை வெட்டிவிட்டுப் புதுத் தகடு வைப்பது அவன் வேலை. கண்ணாடி ஏறி இறங்கும் பள்ளத்தில் ரப்பர் சேனலை மாட்டுவது அவள் வேலை. மூலையில் சேனலை மடிக்கும்போது கொஞ்சம் பிசகினாலும் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கிக் கதவு மறுபடி அழுகிவிடும். அவள் மாட்டிய கதவில் ஒரு சொட்டு இறங்காது என்பார்கள் திருப்பதி டாக்சிக்காரர்கள்.

குவைத் சண்டை ஓய்ந்த மறுவருஷம் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் புத்தூர் ஏஜெண்ட் ஜெயச்சந்திரன் பஸ் ஸ்டாண்டில் கிருஷ்ணப்பாவைப் பிடித்தான்.

"குவைத்ல பெரிய கார் ஷெட்டு. கதவு வேலை தெரிஞ்சவனத்தான் கேக்கறாங்க. நீ போனா ராஜா மாரி இருக்கலாம்."

கிருஷ்ணப்பா நம்பிப் போனான். போன இடத்தில் கார் ஷெட் இல்லை; பாலைவனத்தில் ஓர் ஆட்டுப்பட்டி. பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். தண்ணீர் லாரி வந்தால் முதலில் ஆடுகளுக்கு, மிச்சமிருந்தால் அவனுக்கு. எப்படியோ தப்பி ஊர் திரும்பியபோது இரண்டு சிறுநீரகமும் கெட்டிருந்தன.

அவனை ஆட்டோவில் கிடத்திக்கொண்டு தாட்சாயணி புத்தூருக்குப் போனாள். ஜெயச்சந்திரன் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னான்: "உன் புருஷன் அங்க திருடி மாட்டிக்கினான். திருடனுக்கு நான் இன்னா பண்றது?"

கதவு சாத்தப்பட்டது. கிருஷ்ணப்பா ஆடி மாதம் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். சாவுக்கு வந்த நாராயணவனத்துச் சொந்தக்காரர்களே, "திருடுனானாமே" என்று குசுகுசுத்தார்கள். புருஷன் செத்ததற்கு தாட்சாயணி அழுதாள். அந்தச் சொல்லுக்கு அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வெல்டிங்கும் கற்று ஷெட்டை நடத்தினாள்.

சில வருஷம் போயிற்று. ரோடெல்லாம் புதுப்புது கார்கள் வந்துவிட்ட காலத்தில், சிட்டிபாபு என்ற டிரைவர் ஒரு பழைய அம்பாசடரைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஓனர் மகளுக்குக் கல்யாணமாம். ஓனரின் அப்பா ஓட்டிய வண்டியிலேயே ஊர்வலம் போகணுமாம். ஓனர் யார் என்று கேட்டாள். புத்தூர் ஜெயச்சந்திரன் என்றான்.

அவள் வண்டியை உள்ளே விடச் சொன்னாள். பிறகு நான்கு கதவுகளையும் கழற்றினாள். வேறு எந்த வண்டிக்கும் அவள் அவ்வளவு பார்த்துச் செய்ததில்லை. கண்ணாடிகள் காற்றுப் புகாமல் உட்கார்ந்தன.

"தண்ணி ஊத்திப் பாக்கும்போது ஓனரே உள்ள உக்காரணும். அப்பறம் கசியுதுன்னு என்னைக் கொற சொல்லக்கூடாது" என்று டிரைவரிடம் சொல்லி அனுப்பினாள்.

சித்திரை மாதத்து உச்சிவெயிலில் ஜெயச்சந்திரன் வந்தான். தலையிலும் முகத்திலும் துண்டு சுற்றியிருந்தவளை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் பின்சீட்டில் உட்கார்ந்தான். கதவின் கைப்பிடிகள், கண்ணாடி இறக்கும் கைப்பிடிகள் எல்லாம் பெஞ்சில் கிடந்தன. வெளியிலிருந்து ஸ்க்ரூடிரைவர் விட்டுத் திருப்பினால்தான் கதவு திறக்கும். ஸ்க்ரூடிரைவர் அவள் இடுப்பில்.

கதவுகளைச் சாத்தி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். அவன் மூலைமூலையாகப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். ஒரு சொட்டு இல்லை. கண்ணாடியைத் தட்டினான்.

"போதும்மா, தொற."

அவள் துண்டை அவிழ்த்தாள். அவன் முகம் மாறியது.

"தாட்சாயணியா? தொற! போலீஸ்ல குடுத்துருவேன்!"

அவள் தகரப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள். சொம்பில் தண்ணீர் மொண்டு மெதுவாகக் குடித்தாள். உள்ளே அவன் சட்டை வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியது. தமிழில் திட்டியவன், "தலுப்பு தீயம்மா" என்று கதவைத் திறக்கச் சொல்லித் தெலுங்கில் கெஞ்ச ஆரம்பித்தான். சிட்டிபாபு ஓடிவந்தான். அவள் இரும்புக் கம்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், அவன் நின்றுவிட்டான். பக்கத்து ஷெட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள்.

"கிருஷ்ணப்பா திருடனா? சொல்லு."

"இல்ல! திருடல!"

"கார் ஷெட்டுன்னு அனுப்புனியே?"

"ஆட்டுப்பட்டின்னு தெரிஞ்சிதான் அனுப்புனேன்! தண்ணி குடு தாயே!"

"அந்தாண்ட ஷெட்டுக்காரங்களுக்குக் கேக்கல. திரும்பிச் சொல்லு."

அவன் கண்ணாடியில் கன்னம் ஒட்டக் கத்தினான். தொண்டை கம்மியது. டீக்கடை இந்திராணி தாட்சாயணியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "செத்துறப் போறான்டி, தொற!"

"என் வூட்டுக்காரன் இப்டி எத்தினி நாளு கெடந்தான், தெரியுமாக்கா?" என்றாள். ஜெயச்சந்திரன் சீட்டில் சரிந்த பிறகுதான் எழுந்துபோய்த் திறந்தாள். அவன் உருண்டு விழுந்து, அவள் கை கழுவுகிற வாளியில் முகத்தை விட்டுக் குடித்தான். அதைப் பார்த்தபோது இத்தனை வருஷம் கழித்து அவளுக்கு மூச்சு இலகுவாக வந்தது. இரக்கம் வரவில்லை.

அவன் போலீசுக்குப் போகவில்லை; அத்தனை பேர் காதால் கேட்டிருந்தார்கள். பேச்சு அவனுக்கு முன்னால் புத்தூர் போய்ச் சேர்ந்தது. அவன் அனுப்பிய மற்றவர்களின் பெண்டாட்டிகளும் தாய்மாரும் அவன் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். கல்யாணம் சத்தமில்லாமல் சென்னையில் நடந்தது. குடும்பமும் அங்கேயே தங்கிவிட்டது. தாட்சாயணி கைப்பிடிகளை மாட்டி வண்டியைச் சிட்டிபாபுவிடம் கொடுத்தனுப்பினாள்.

"உள்ளயே செத்திருந்தா இன்னாடி பண்ணியிருப்ப?" என்று இந்திராணி பிறகொரு நாள் கேட்டாள்.

"ஜெயிலுக்குப் போயிருப்பேன்" என்றாள் தாட்சாயணி.

அந்த மழைக்காலத்தில் நாராயணவனத்துச் சொந்தக்காரர்கள் தேங்காய், பூ எல்லாம் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார்கள். "தெரியாம பேசிட்டோம், மனசுல வெச்சிக்காத" என்றார்கள். தாட்சாயணி உட்காரச் சொல்லவில்லை. சேனலை அளந்து வெட்டிக்கொண்டே இருந்தாள். அவர்கள் தேங்காயைப் பெஞ்சில் வைத்துவிட்டு மழையிலேயே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள்.