சோணைக்குச் சாமி வராத வருஷம்

செக்கானூரணிக்கு மேற்கே சோணையை விவசாயியாக அறிந்தவர்கள் குறைவு. சாமியாடி என்றால்தான் தெரியும். பங்குனிப் பொங்கலுக்கு அவர் வகையறாவின் குலசாமி அவர் மீதுதான் இறங்கும், குறி சொல்லும், பங்காளிகளின் சண்டையைத் தீர்த்துவைக்கும்.

அவருடைய ஒரே மகன் கருத்தக்கண்ணன் தொண்ணூற்றேழில் மதுரையில் ஒரு கல்லூரியில் சேர்ந்தான். அவன் வாங்கிய மார்க்குக்கு வேறு பாடம் கிடைக்கவில்லை. சமயமும் தத்துவமும் என்ற பி.ஏ. வகுப்பில் மட்டும் இடம் காலியாகக் கிடந்தது. வீட்டுக்கு வந்து தயங்கித் தயங்கித்தான் சொன்னான். சோணைக்கோ தலைகால் புரியவில்லை. டீக்கடையிலும் பஸ் கண்டக்டரிடமும், "எம்மகன் சாமிப் படிப்பு படிக்கிறான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

படிப்பு கண்ணனுக்குப் பிடித்துப்போனது. பேராசிரியர் ராஜகுரு மாணவர்களை வகுப்பிலேயே உட்கார வைப்பவரல்ல. கோரிப்பாளையம் தர்காவுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு பெண் தலைமுடி அவிழ்ந்து சுழன்றதைக் கண்ணன் பார்த்தான். செல்லூரில் ஒரு மாடியில் நடந்த ஜெபக்கூட்டத்தில், தறி ஓட்டுகிற ஒருவர் கண்ணை மூடி, யாருக்கும் புரியாத சொற்களைக் கொட்டியபடி நடுங்கினார். இரண்டு இடத்திலும் நடுக்கம் தோளில்தான் தொடங்கியது. அவனுடைய அய்யாவுக்கும் அப்படித்தான்.

"எல்லா இடத்துலயும் வாரது ஒண்ணுதானா சார்?" என்று கேட்டான்.

"நெசமா பொய்யான்னு தீர்ப்புச் சொல்றது நம்ம வேலை இல்லப்பா. நம்புறவங்க என்ன சொல்றாங்கன்னு காது குடுத்துக் கேளு, போதும்" என்றார் ராஜகுரு.

அது அவனுக்குப் போதவில்லை.

மூன்றாம் வருஷம் தை மாதத்தில் ராஜகுருவும் மாணவர்களும் டேப்ரிக்கார்டரோடு ஊருக்கே வந்தார்கள். சோணை குளித்து, திருநீறு பூசி, கோயில் வாசலில் உட்கார்ந்து கேட்டதற்கெல்லாம் சிரித்த முகமாகப் பதில் சொன்னார். கடைசியில் கண்ணன் கேட்டான்.

"அய்யா, வாரது சாமிதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்களா ஆடலைன்னு எப்படிச் சொல்றீங்க?"

சோணை சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அது வரும்போது நான் இருக்க மாட்டேனேப்பா. அப்பறம் யாரு பாத்துச் சொல்றது?" என்றார். நல்ல பதில் என்று ராஜகுரு தலையாட்டினார். சோணை மட்டும் எல்லோரும் கிளம்பிய பிறகும் கோயில் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

பங்குனிப் பொங்கல் வந்தது. உச்சிவேளையில் சல்லடமும் கச்சையும் கட்டி, அரிவாளோடு நடுவில் நின்றார் சோணை. உறுமி அடித்தார்கள். எப்போதும் முதல் சுற்று முடிவதற்குள் துள்ளிவிடுகிறவர் அன்றைக்கு அசையாமல் நின்றார். கொட்டுக்காரர்கள் வேர்த்து வழிய அடித்தார்கள். ஒருமுறை தோள் லேசாகத் துடித்தது. குலவைச் சத்தம் எழுந்தது. சோணை சட்டென்று தன் தோளைத் தானே திரும்பிப் பார்த்தார். துடிப்பு நின்றுவிட்டது.

அரிவாளைக் கீழே வைத்தார். "வரலப்பா" என்றார்.

கொஞ்சம் ஆடியிருந்தால்கூட யாருக்கும் தெரிந்திருக்காது. அவரால் அது முடியவில்லை.

கூட்டம் திகைத்து நிற்கையிலேயே அவருடைய தம்பி நல்லகாமன் அலறிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். அரிவாள் அவர் கைக்குப் போனது. "எம்மகன் சோணை வீட்டுக்குள்ள அந்நிய வாடை அடிக்குதுடா. அவனக் கோயில் படியேத்தாதீங்கடா" என்றது சாமி. கண்ணன் மதுரைக்குப் போய் வேதத்தில், அதாவது கிறிஸ்தவத்தில், சேர்ந்துவிட்டான் என்று ஊருக்குள் ஏற்கெனவே ஒரு பேச்சு இருந்தது. அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பங்காளிகள் சோணையின் முகத்தைப் பார்க்காமலே கலைந்தார்கள்.

ஒரு வாரம் கழித்து வயலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கும்போது சோணை கேட்டார். "ஏப்பா, சாமி விட்டுட்டுப் போயிட்டா என்ன செய்யணும்னு உங்க படிப்புல போட்டிருக்கா?"

கண்ணன் வரப்பில் உட்கார்ந்தான். கிறிஸ்தவத் துறவிகளைப் பற்றிச் சொன்னான். சூஃபிகளைப் பற்றியும் சொன்னான். வருஷக்கணக்காகச் சாமி பேசாமல் போய், அதையே அழுது எழுதி வைத்தவர்கள் உண்டு என்றான். சோணை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"அவுகளுக்குத் திரும்ப வந்துச்சா?"

"சில பேருக்கு வந்துச்சுய்யா."

"சில பேருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு மடையை அடைக்கப் போனார்.

அதன் பிறகு அவர் கோயில் பக்கம் போகவில்லை. சாப்பாடு குறைந்தது. யாராவது கூப்பிட்டால் தாமதமாகத்தான் திரும்பிப் பார்ப்பார். கண்ணன் பி.ஏ. முடித்துவிட்டு மதுரையில் ஒரு கூரியர் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தான். மேலே படிக்கச் சொல்லி ராஜகுரு இரண்டுமுறை ஆள் விட்டார். அவன் போகவில்லை. அய்யாவிடம் மன்னிப்புக் கேட்க எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனான். பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினான்.

அடுத்த ஐப்பசியில் காய்ச்சலில் விழுந்த சோணை எழுந்திருக்கவில்லை. கண்ணனின் அம்மா சீனியம்மாள் பயந்துபோய் நல்லகாமனைக் கூட்டிவந்தாள். அவர் திருநீற்றை நெற்றியில் பூசி, ஒரு சிட்டிகையை வாயில் போட விரலைக் கொண்டுபோனார். சோணை பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டார். மறுநாள் விடியலில் உயிர் போனது.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு சீனியம்மாள் மகனிடம் வந்து உட்கார்ந்தாள்.

"எல்லாச் சாமியையும் படிச்சவன்தானே நீ. உங்கய்யா இப்ப எங்கடா இருப்பாரு?"

இந்தக் கேள்விக்குப் பரீட்சையில் மதவாரியாக, பக்கம் பக்கமாக எழுதி நல்ல மார்க் வாங்கியவன் அவன்.

"நம்ம குலசாமிகிட்டத்தான் போயிருப்பாருத்தா" என்றான்.

"அங்கதான் அவரப் படியேத்தக் கூடாதுன்னு சொல்லிட்டாகளே" என்றாள் சீனியம்மாள்.