பாவாத்தாளுக்கு வைத்த டம்ளர்

கருமத்தம்பட்டியிலிருந்து அன்னூர் போகிற வழியில், தறிச் சத்தம் ஓயாத ஓர் ஊரில் 'காத்திருப்போர் சபை' என்று ஒன்று இருக்கிறது. ஆண்டவர் எந்த நிமிஷமும் வந்துவிடுவார், அவருக்காகக் காத்திருக்கிறவர்கள் நாங்கள் என்பது அவர்கள் பேச்சு. காத்திருக்கிறவர்களுக்கு டிவி ஆகாது, பூ ஆகாது, நகை ஆகாது. ஊசி, மருந்து, மாத்திரை ஆகவே ஆகாது. மாத்திரை இல்லாத சபை என்று ஊர்க்காரர்கள் பட்டப்பெயர் வைத்துச் சிரிப்பார்கள். வெளியே நின்று சிரிக்கிறவனுக்கு என்ன, அவன் வீட்டிலா சாவு விழுகிறது?

பாவாத்தாள் உள்ளே இருந்தவள். தறிக் குடோனில் தார் சுற்றுகிற வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே நூலைக் குழலில் ஏற்ற வேண்டும். கை ஓயாது, வாயும் ஓயாது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். பாவாத்தாள் விஷயத்தில் அந்தப் பழமொழி பொய்த்துப்போனது.

அவள் சபையில் சேர்ந்தது சொர்க்கத்துக்கு ஆசைப்பட்டு அல்ல, ஒரு வாய்த் தண்ணீருக்கு ஆசைப்பட்டு. அவள் பிறந்து வளர்ந்தது ஊருக்கு ஒதுக்குப்புறமான வளவில். அந்தக் காலத்தில் டீக்கடைக் கூரையில் வளவு ஆட்களுக்கென்று தனி டம்ளர் செருகியிருக்கும். அவர்களே எடுத்து, அவர்களே குடித்து, அவர்களே கழுவிச் செருகிவிட்டு வர வேண்டும். அப்படி வளர்ந்தவளை யாரோ ஒருநாள் சபைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே பந்தியில் திராட்சைச் சாறு ஒரே கிண்ணத்தில் கைமாறிக் கைமாறி வந்தது. பாவாத்தாள் ஒரு வாய் குடித்துவிட்டு அடுத்தவரிடம் நீட்டினாள். வாங்கியவர் தோட்டத்துக்காரர் வீட்டுப் பாலுசாமி. அவள் அப்பனும் ஆத்தாளும் காலமெல்லாம் பண்ணையத்துக்கு நின்ற வீட்டின் வாரிசு. அவர் கிண்ணத்தின் விளிம்பைக்கூடத் துடைக்காமல் வாயில் வைத்துக் குடித்தார்.

"ஏனுங்க, அவரு தொடைக்கக்கூட இல்லீங்க" என்று புருஷன் மாரப்பனிடம் சொல்லிச் சொல்லி அன்றைக்கு அழுதாள். மாரப்பனும் என்னதான் என்று பார்க்க வந்தான், உட்கார்ந்தான், குடியை விட்டான். ஒரு கிண்ணம் ஒரு குடும்பத்தையே விலைக்கு வாங்கிவிட்டது. நானும் நீங்களும் அந்த இடத்தில் இருந்தால் விழுந்திருக்க மாட்டோமா?

அந்தப் பாலுசாமிதான் பிறகு சபைக்கு மூப்பர் ஆனார். உள்ளதைச் சொல்ல வேண்டும், அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. மதம் மாறினதற்குச் சொந்தபந்தம் அவரைத் தலைமுழுகிவிட்டது. தோட்டத்தில் தன் பங்கை விட்டுவிட்டுத் தகரக் கூரை வீட்டில் இருந்தார். அவர் சம்சாரத்துக்கு மார்பில் கட்டி வந்தபோது ஒரு மாத்திரை வாங்கித் தரவில்லை. அந்த அம்மாள் கத்திக் கத்திச் செத்தாள், இவர் பக்கத்தில் முழங்கால் போட்டபடியே இருந்தார். கள்ளனாக இருந்தால் பிடித்துக்கொடுத்துவிடலாம். சொன்னபடி நடக்கிறவனை எங்கே கொண்டுபோய்ப் பிடித்துக்கொடுப்பது?

மாரப்பனுக்குச் சர்க்கரையில் கால் புண்ணாகிக் கறுத்தது. சபை சுற்றி நின்று பாடியது. பாவாத்தாள் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் போனதும் "ஆண்டவரு அழைச்சுக்கிட்டாருங்க" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். சொன்னாளே ஒழிய, அந்தப் புண்ணின் நாற்றம் அவள் மூக்கை விட்டுப் போகவில்லை.

மகள் மதிவதனி விஷயத்தில்தான் அவளுக்குப் பொறுக்காமல் போயிற்று. மதிவதனியைச் சபைக்குள்ளேயே கதிரேசனுக்குக் கொடுத்திருந்தார்கள். தறி மெக்கானிக், தங்கமான பையன், மூப்பர் சொல்லைத் தாண்டமாட்டான். முதல் பிரசவத்தை வீட்டிலேயே பார்த்தார்கள். மதிவதனிக்கு ஜன்னி கண்டது, நாக்கைக் கடித்துக்கொண்டாள், குழந்தை செத்துப் பிறந்தது. சோதனை என்றார்கள். இப்போது மறுபடி ஏழு மாசம். முகம் பன்னுப் போல உப்பியிருந்தது. பாவாத்தாள் ஊருக்கு வருகிற அரசாங்க நர்ஸ் பத்மாவதியை வழிமறித்துக் கையோடு மகள் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள்.

"போன தடவ ஜன்னி கண்ட புள்ளைங்கறீங்க, இப்பவும் பிரஷர் ஏறிக் கெடக்குது" என்றாள் பத்மாவதி. "இவள ஊட்டுல வெச்சுப் பிரசவம் பாத்தா ரெண்டு உசுருக்கும் நா உத்தரவாதம் சொல்ல மாட்டனுங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துபோடுங்க."

மதிவதனி தலையை ஆட்டவில்லை. "மூப்பரு சொல்லட்டும்மா, வாரேன். அவரு சொல்லாம வரமாட்டேன்."

சரி, மூப்பரையே கேட்டுவிடுவது என்று பாவாத்தாள் முடிவு கட்டினாள். ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்ததும் சாட்சி சொல்கிற நேரம். ஆண்டவர் செய்த நன்மையை ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும், கேள்வி கேட்கிற வழக்கமே அங்கே கிடையாது. பாவாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"மூப்பருங்க, எனக்கு ஒண்ணு வெளங்க மாட்டீங்குதுங்க. தறி நின்னுபோச்சுன்னா ஜெபம் பண்ணிப்போட்டு உக்காந்திருக்கறமுங்களா? மெக்கானிக்கத்தானுங்க கூப்படறோம்? எம் மருமவனே மெக்கானிக்குத்தானுங்க. தறிக்கு வைத்தியம் பாத்தாப் பாவமில்லீங்க, எம் புள்ளைக்குப் பாத்தாப் பாவமுங்களா?"

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கதிரேசன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"எம் புருசன் காலு அழுகிச் செத்தாரு. நா வாயத் தொறக்கல. உங்கூட்டு அம்மணியும் வலி பொறுக்காமக் கத்தித்தானுங்க போனாங்க. அது ஆண்டவருக்கு வேணுமுங்களா? நெஞ்சுல கைய வெச்சுச் சொல்லுங்க."

மூப்பருக்குக் கோபம் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவருக்கு அழுகை வந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினார்.

"சகோதரி, ஒரு மாத்திர வாங்கிக் குடுத்திருந்தா அவ பொழச்சிருப்பாளோன்னு எனக்கும் தோணுமுங்க. அப்படி நெனச்சா, அவளக் கொன்னவன் நாந்தான்னு ஆயிப்போகுமுங்க. அதனால நா நெனைக்கக் கூடாது. நீங்களும் நெனைக்கக் கூடாதுங்க."

சபை முழுக்க அப்படிப்பட்டவர்கள்தான். பிள்ளையைக் கொடுத்தவர்கள், புருஷனைக் கொடுத்தவர்கள். பாவாத்தாள் சொல்வது சரி என்று ஒத்துக்கொண்டால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கொலை நடந்திருக்கிறது என்று ஆகிவிடும். ஒத்துக்கொள்வார்களா? அவளுக்குக் கிண்ண விலக்குப் போட்டார்கள். மனந்திரும்பிச் சாட்சி சொல்கிற வரைக்கும் செருப்பு விடுகிற இடத்தில்தான் உட்கார வேண்டும், சபையார் யாரோடும் ஒரே ஏனத்தில் உண்ணக் கூடாது, குடிக்கக் கூடாது. பெற்ற மகளானாலும் சரி.

ஆராதனை முடிந்து டீ வந்தது. எல்லோருக்கும் தட்டில் வந்தது. பாவாத்தாளுக்கு மட்டும் ஒரு டம்ளரைக் கொண்டுவந்து எட்டத் தரையில் வைத்துவிட்டுப் போனாள் ஒருத்தி. வைத்தவளும் அதே வளவுக்காரிதான். அடப் பாவிகளா, எதிலிருந்து தப்பித்து இங்கே ஓடிவந்தீர்களோ அதையே எடுத்து இவளுக்கு வைத்தீர்களே! மூப்பருக்கு அது உறைக்கவே இல்லை. கூரையில் செருகின டம்ளரை ஒருநாளும் எடுத்துக் கழுவினவர் இல்லையே அவர். பாவாத்தாள் குடித்தாள். யாரும் சொல்லாமலே எழுந்துபோய்க் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். கைக்கு அந்த வேலை மறக்கவில்லை.

அப்படியே விட்டுத் தொலைத்துவிட்டு கோயம்புத்தூர் உக்கடத்தில் பஸ் ஏறி எங்காவது போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கே போவாள்? மகள் உள்ளே இருக்கிறாள்.

மகள் வீட்டுக்குப் போனாள். கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி, மதிவதனி பேப்பர் கப்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டு எறிந்துவிடலாம், தீட்டும் இல்லை, கழுவுகிற வேலையும் இல்லை. காலம் முன்னேறிவிட்டது பாருங்கள்.

"கண்ணு, நா உன்னையப் பெத்தவ."

"தெரியும்மா. தப்புன்னு நாலு பேரு முன்னால ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க. உள்ள வந்து உக்காருங்க."

"நீ ஆஸ்பத்திரிக்கு வா. நா நாலு பேரு முன்னால இல்ல, நாப்பது பேரு முன்னால சொல்லிப்போடறேன்."

"விசுவாசத்துல பேரம் பேசறீங்களேம்மா" என்று மதிவதனி கேட்டைச் சாத்தினாள். ஓங்கி அடித்துச் சாத்தியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். அழுதுகொண்டே மெல்லச் சாத்தினாள்.

அந்த நாட்களில் அவளிடம் ஒளிந்து வந்து பேசியது லோகப்பிரியா ஒருத்திதான். சபைக்குப் புதிதாக மருமகளாக வந்த பெண், அதே குடோனில் வேலை. தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் காதருகே வந்து சொன்னாள். "பெரீம்மா, நீங்க கேட்டது நாயமுங்க. எனக்கும் நாளு தள்ளிப்போயிருக்குது. பயமா இருக்குதுங்க. நா ஆஸ்பத்திரிக்குப் போனா கூட வருவீங்களா?"

"வராம? நானே கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன் அம்மணி." அன்றைக்குப் பாவாத்தாள் வயிறாரச் சாப்பிட்டாள். ஒரு பெண்ணாவது காதில் வாங்கினாளே.

மதிவதனிக்கு வலி கண்டது ஒரு முற்பகலில். பாவாத்தாள் 108-க்குப் போன் போட்டாள். வண்டி வந்தது. வாசலில் சபையார் பாடிக்கொண்டு நின்றார்கள். வண்டிக்காரர்கள் விலக்கிக்கொண்டு உள்ளே போய்க் கூப்பிட்டார்கள், அதட்டினார்கள், கெஞ்சினார்கள். மதிவதனி மூச்சு வாங்கிக்கொண்டே, "நா வரலீங்க, போயிருங்க" என்றாள். வராதவளை எப்படித் தூக்கிப்போவது? வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு வண்டி திரும்பியது. பாவாத்தாள் எதிர்ச்சந்தில் குழாயடியில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே அலறல் கேட்கும்போதெல்லாம் மண்ணைப் பிறாண்டினாள். எந்தச் சாமியைக் கூப்பிட்டாளோ, எல்லாச் சாமியையும் கூப்பிட்டாள்.

மத்தியானம் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. பெண் குழந்தை. ஜன்னி வரவில்லை. தாயும் சுகம், பிள்ளையும் சுகம். பாவாத்தாள் குழாயடிச் சேற்றிலேயே விழுந்து கும்பிட்டாள். சிரித்தாள், அழுதாள். அந்த நேரம் அவளைப் போல ஒரு சந்தோஷக்காரி கோயம்புத்தூர் ஜில்லாவிலேயே இல்லை.

பிறகுதான் வீட்டுக்குள்ளிருந்து பாட்டு எழும்பியது. வெற்றி, வெற்றி என்று கை தட்டிப் பாடினார்கள். அதைக் கேட்டதும் அவளுக்குப் புரிந்தது. மகள் செத்திருந்தால் அவள் கேட்ட கேள்வி சரி. மகள் பிழைத்ததால் கேள்வி செத்தது. இந்த வழக்கில் எந்தத் தாய் ஜெயிக்க ஆசைப்படுவாள்?

"எல்லாத்துக்குமா ஜன்னி வந்துருது?" என்று பத்மாவதி தலையில் அடித்துக்கொண்டாள். "கண்ண மூடிட்டு ஹைவேஸ் ரோட்டத் தாண்டுனாலும் ஒரு தடவ தப்பிச்சுரலாமுங்க. அதப் பாத்து அடுத்தவளும் கண்ண மூடிக்குவாளே!" சொல்லி என்ன செய்வது? அவள் சொல்கிற இடத்தில் கேட்க ஆளில்லை. சபையில் வாராவாரம் மதிவதனியின் சாட்சிதான். "எங்கம்மாவே என்னைய நம்பலீங்க, ஆண்டவரு கைவிடலீங்க" என்பாள். செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து பாவாத்தாள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

பேத்தியை அவளுக்குக் காட்டவில்லை. கடந்துபோகையில் துணியால் மூடிக்கொண்டு போனார்கள். குழந்தை சிரிக்கிறது என்று யாரோ சொன்னார்கள். குப்புற விழுந்துவிட்டது என்று சொன்னார்கள். வேலை விட்டு வருகையில் மகள் வீட்டுச் சுவரோரம் நின்று அழுகைச் சத்தமாவது கேட்குமா என்று காதை வைத்தாள். யார் வீட்டு நாயோ குரைத்து விரட்டியது. அவளுக்கு வைராக்கியம் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் வைராக்கியத்தை மடியில் போட்டுக் கொஞ்ச முடியுமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை செருப்புகளுக்கு நடுவிலிருந்து எழுந்தாள்.

"எனக்கு விசுவாசம் பத்தலீங்க. எம் புள்ளைக்கு ஆண்டவரு செஞ்சதப் பாத்தப்பறந்தான் கண்ணு தொறந்துது. நா கேட்டது தப்புங்க. எல்லாரும் மன்னிச்சுப்போடுங்க."

மூப்பர் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு அத்தனை சந்தோஷம், பாவம். கிண்ணம் வந்தது, குடித்தாள். பெண்கள் நகர்ந்து பாயில் இடம் விட்டார்கள். மதிவதனி எழுந்துவந்து, "இந்தாங்கம்மா" என்று குழந்தையை அவள் மடியில் வைத்துவிட்டுப் போய் எதிரே உட்கார்ந்தாள். பாவாத்தாள் குழந்தையின் உச்சியை முகர்ந்தாள். முகர்ந்துகொண்டே இருந்தாள்.

பக்கத்தில் லோகப்பிரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எட்டு மாசம். முகம் உப்பியிருந்தது. பாதத்தில் வீக்கம் பளபளத்தது.

"பெரீம்மா" என்றாள் குனிந்து. "எத்தன நாளாப் பயந்து செத்துட்டு இருந்தேன் தெரியுங்களா? இன்னிக்கு நீங்களே சொன்னீங்க பாருங்க, அதக் கேட்டதும் பயமெல்லாம் போயிருச்சுங்க. ஆஸ்பத்திரி வேண்டாம்னு முடிவு பண்ணிப்போட்டேன்."

பாவாத்தாள் வாயைத் திறந்தாள். எதிர்ப்பாயில் மதிவதனி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் பேத்தி காலை உதைத்தாள்.

"நல்லது கண்ணு" என்றாள் பாவாத்தாள்.