பொம்மையின் வலது கை

எங்கள் வீட்டில் போர்வை மடிப்பது ஒரு சண்டை. நானும் மனைவியும் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்போம். நான் உள்பக்கமாக மடக்கினால் அவள் வெளிப்பக்கமாக மடக்குவாள். போர்வை முறுக்கிக்கொள்ளும். "குடுங்க, நானே மடிச்சுக்கிறேன்" என்று பிடுங்கிக்கொண்டு போய்விடுவாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் ஒரு போர்வையைக்கூட நாங்கள் சேர்ந்து ஒழுங்காக மடித்ததில்லை. அன்றைக்கு அந்த அரங்கில் உட்கார்ந்து நான் வயிறெரிந்தது ஏன் என்று புரிய வேண்டுமானால் இந்தப் போர்வையை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவள் பள்ளிக்கூட ஆசிரியை. விளாங்குடியில் ஒரு நாடகக் குழு பொம்மைகளை வைத்துப் பாட்டும் சிரிப்புமாக ஒரு நாடகம் போடப்போவதாகவும், அதில் தன்னையும் சேர்த்திருப்பதாகவும் ஒருநாள் வந்து சொன்னாள்.

"என்ன வேஷம்?"

"வலது கை."

"மத்த ஒடம்பெல்லாம் யாரு?" என்று கேட்டுவிட்டு நானே சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பொறுமையாக விளக்கினாள். இடுப்புக்கு மேலே மட்டும் ஆள் அளவுக்கு ஒரு பொம்மை, நுரை மெத்தையில் செய்தது. ஒருவர் தன் வலது கையைப் பொம்மையின் தலைக்குள் விட்டு வாயைத் திறந்து மூடிப் பாடுவார். அவருடைய இடது கை பொம்மையின் இடது கைக்குள் இருக்கும். மிச்சமிருக்கும் வலது கைக்கு இன்னொரு ஆள் வேண்டும். இரண்டு பேரும் கறுப்பு உடையில், எல்லோருக்கும் தெரியும்படி பொம்மையோடு ஒட்டி நிற்பார்கள். நன்றாகச் செய்தால் பார்க்கிறவர்கள் ஆட்களை மறந்துவிடுவார்களாம். அதற்கு ஆறு மாதம் ஒத்திகையாம்.

"ஒரு கைக்கா ஆறு மாசம் ஒத்திகை?"

"சார் மூச்ச இழுக்கும்போது நானும் இழுக்கணும். இல்லேன்னா பொம்மைக்குத் தோள் கோணிக்கிரும்" என்றாள்.

சார் என்றது தலையும் இடது கையுமான ஆளை. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாராம், நன்றாகப் பாடுவாராம். அன்று ராத்திரி எனக்குத் தோசை இறங்கவில்லை. எவனோ ஒருவன் மூச்சு விடுவதைப் பார்த்து என் மனைவி மூச்சு விடுகிறாள் என்பதை எந்தப் புருஷனால் சட்னியோடு சேர்த்து விழுங்க முடியும்?

சனி, ஞாயிறு சாயங்காலங்களில் ஆனையூரிலிருந்து அவளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விளாங்குடியில் ஒத்திகை நடக்கும் மாடிக்குக் கீழே இறக்கிவிடுவேன். "மேல வாங்களேன், எல்லாரும் ஒங்களக் கேக்குறாங்க" என்பாள். "எனக்கு வேல கெடக்கு" என்பேன். ஒரு வேலையும் கிடையாது. எதிரே உள்ள டீக்கடையில் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டு மேலே பார்ப்பேன். மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும். அத்தனை பேர் சிரிப்பிலும் அவள் சிரிப்பு தனியாகக் கேட்கும். நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

வீட்டிலும் நிம்மதி இல்லை. பொம்மைக் கையின் உறையை மாட்டிக்கொண்டு அடுப்படியில் நின்று காற்றைக் கிள்ளிக்கொண்டிருப்பாள். நான் கப்பலூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் சூப்பர்வைசர். காலையில் மேனேஜர் போன் செய்வார். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "வந்துக்கிட்டே இருக்கேன் சார், பாலத்துக்கிட்ட நிக்கிறேன்" என்பேன். அப்போது அவள் என் முகத்தையே உற்றுப் பார்ப்பாள். முகத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்து நான் துடைத்துக்கொள்வேன்.

நாடகத்தன்று கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்டாள். "என் மூஞ்சியப் பாக்காதீங்க. பொம்மையோட கைய மட்டும் பாருங்க. முடிஞ்சதும் எப்பிடி இருந்துச்சுன்னு சொல்லணும்." சரி என்றேன். ஷிப்ட் முடித்துக் குளித்துச் சட்டை மாற்றி ஒரு மணி நேரம் முன்னதாகவே போய், ஒரு பள்ளிக்கூட அரங்கில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் நாற்பது வயதுப் பெண்மணி ஒருவர், கையைக் கட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார்.

கதை சின்னது. எட்டு வீடுகள் உள்ள ஒரு காம்பவுண்டு, எல்லோருக்கும் சேர்த்து ஒரே தண்ணீர் மோட்டார். யாரோ அதைப் போட்டுவிட்டு அணைக்காமல் போக, தொட்டி நிரம்பி வழிந்து வீட்டுக்கார அம்மாவின் வத்தல் எல்லாம் மிதக்கிறது. போட்டது யார் என்பதுதான் நாடகம் முழுவதும். கத்தரிக்காய் நிறத்தில், உல்லன் மீசை வைத்த ஒரு பொம்மை வந்தது. அதன் இடப்பக்கம் கண்ணாடிக்கடைக்காரர். கொஞ்சம் தொப்பை, முன் வழுக்கை. அந்த வழுக்கையில் எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம். வலப்பக்கம் என் மனைவி.

*மோட்டாரப் போட்டது நானில்ல – அந்தச்
சுவிட்சு எங்கன்னும் தெரியல*

என்று பொம்மை பாடியதும் அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. இதில் என்ன சிரிப்பு என்று எனக்கு விளங்கவில்லை. நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகம் கொஞ்சம் மேலே திரும்பி, பொம்மையைப் பார்க்கிறதா அந்த ஆளைப் பார்க்கிறதா என்று தெரியாத கோணத்தில் இருந்தது. பொம்மை பெருமூச்சு விட்டபோது இரண்டு பேர் தோளும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. அப்புறம் பொம்மை தாளம் போட்டது. ஒரு கை அவருடையது, ஒரு கை அவளுடையது. ஒரு தட்டுகூடத் தவறவில்லை. உறை போட்டிருந்தாலும் உள்ளங்கை உள்ளங்கைதானே. எனக்குக் காதுவரை சூடேறியது. ஒரு போர்வையை என்னோடு மடிக்கத் தெரியாதவள்!

பொம்மை வாயைத் திறக்கும்போதெல்லாம் சனங்கள் சிரித்தார்கள். சிரிக்காத ஆட்கள் நானும் பக்கத்து நாற்காலிப் பெண்மணியும்தான்.

இடைவேளையில் வாசலில் டீ கொடுத்தார்கள். அந்தப் பெண்மணியும் ஒரு கப்போடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்களும் சிரிக்க மாட்டேங்கிறீகளே அண்ணே."

"அம்புட்டு ஒண்ணும் சிரிப்பு இல்லீங்களே."

"அதானே" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கத்தரிக்காப் பொம்மைக்கு வலது கையா ஒரு பொண்ணு நிக்கிதே, அது யாரு எவருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

கேட்ட தொனி எனக்குப் பிடிக்கவில்லை. அவள் என் மனைவி என்று சொல்ல ஒரு வினாடி போதும். ஆனால் மேடையில் இன்னொருவன் மூச்சுக்கு மூச்சு விட்டுக்கொண்டு நிற்பவளை என் மனைவி என்று சொல்ல அந்த நேரத்தில் எனக்கு மனம் வரவில்லை.

"தெரியாதுங்க. நா சும்மா பாக்க வந்தேன்."

அவர் என்னையே ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு டீ சிந்தச் சிந்தச் சிரிக்க ஆரம்பித்தார். அன்று சாயங்காலம் முழுவதும் அடக்கி வைத்த சிரிப்பெல்லாம் அப்போது வந்தது போல இருந்தது.

"அண்ணே, இம்புட்டு நேரம் நீங்க அந்தப் பொம்மை கையப் பாக்கவே இல்லையா?"

"ஏன்?"

"உள்ள வந்து பாருங்க. தலையா நிக்கிறது எங்க வீட்டுக்காரரு. 'மேடம் மூச்சு விட்டாத்தான் நான் விடணும்'னு ஆறு மாசமா எங்க வீட்டுல இதே பேச்சு. என் உசுர வாங்குறாரு. நீங்க யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

எப்படித் தெரிந்தது என்று கேட்பதற்குள் மணி அடித்துவிட்டது. உள்ளே போய் உட்கார்ந்து, முதல் தடவையாகக் கையைப் பார்த்தேன். வீட்டுக்கார அம்மா பொம்மை, "நீதானே போட்ட?" என்று கேட்டது. கத்தரிக்காய்ப் பொம்மையின் வலது கை மெல்ல எழுந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காதுமடலைப் பிடித்தன. இரண்டு தடவை தேய்த்து ஒரு தடவை இழுத்தன. "நானில்லம்மா" என்றது பொம்மை. அரங்கம் அதிர்ந்தது.

என் பக்கத்தில் அந்தப் பெண்மணி தன் காதைத் தொட்டு, என் காதைப் பார்த்துக் கண்ணால் காட்டினார். என் கை ஏற்கெனவே அங்கேதான் இருந்தது. வாசலில் டீயோடு "தெரியாதுங்க" என்றபோதும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

வெட்கம் வந்திருக்கலாம். எனக்கு முதலில் வந்தது கோபம். எனக்கே தெரியாத என் பழக்கம் ஒன்றைப் பதினாறு வருஷமாகப் பார்த்து வைத்திருந்து, அதை எடுத்துக்கொண்டுபோய் அந்த ஆளிடம் கொடுத்திருக்கிறாள். நான் எப்போது பொய் சொல்கிறேன் என்பது ஒரு கண்ணாடிக்கடைக்காரருக்கும், அவர் சொல்லி அவர் மனைவிக்கும் தெரியும். கீழே டீக்கடையில் நான் காது கொடுத்துக் கேட்டுப் பொசுங்கிய அந்தச் சிரிப்பெல்லாம் என் காதைப் பற்றித்தான். அதற்கப்புறம் கத்தரிக்காய்ப் பொம்மை மீதே எரிச்சல் வந்தது. அதே பொய்யை அதே மாதிரி காதைத் தேய்த்துச் சொல்கிறது, அதற்கு மட்டும் ஊரே கைதட்டுகிறது.

முடிந்ததும் மேடையோரம் போனேன். கண்ணாடிக்கடைக்காரர் வியர்வையோடு வந்து என் கையைப் பிடித்தார். "வாங்க சார், ஒங்களத்தான் பாக்கணும்னு இருந்தேன்" என்றார். சொல்லும்போதே அவர் பார்வை என் வலது காதுக்குப் போய்த் திரும்பியது. நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அது இன்னும் கடுப்பாக இருந்தது. அவர் மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. என் மனைவி உறையைக் கழற்றாமலே நின்றுகொண்டிருந்தாள்.

ஸ்கூட்டரில் ஏறியபின்தான் கேட்டாள். பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, நான் மாட்டாத ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையை என் தோளில் போட்டிருந்தாள்.

"எப்பிடி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"கையப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அந்த சாரோட சேந்து நிக்கிறது ஒங்களுக்குப் பிடிக்கலயோ? பொறாமையா?"

வலது கை ஆக்சிலேட்டரில் இருந்தது. அதை எடுக்க வழியில்லை. காதுமடல் மட்டும் அரித்துக்கொண்டிருந்தது.

"எனக்கென்ன பொறாமை? அதெல்லாம் ஒண்ணுமில்ல."

சொல்லி வாய் மூடவில்லை. என் தோளில் இருந்த அவள் கை எழுந்து, இரண்டு விரலால் என் காதுமடலைப் பிடித்து, இரண்டு தடவை தேய்த்து ஒரு தடவை இழுத்தது.