டானிக் விளம்பரத்துக்குக் குதித்தவர்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் நான் தருமபுரியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தேன். அசையாமல் உட்கார்ந்திருப்பவர்களைப் படம் எடுப்பதில் கெட்டிக்காரன். ஒரு நாள் டானிக் வியாபாரி ஒருவர் வந்து, கட்டுமஸ்தான ஆள் அந்தரத்தில் பாய்கிற மாதிரி விளம்பரத்துக்கு ஒரு படம் வேண்டும் என்றார்.

"அதுக்கென்னங்க, எடுத்துட்டாப் போச்சு" என்றேன். அதுவரை ஓடுகிற கோழியைக்கூட நான் எடுத்ததில்லை.

பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓடிய பஸ்ஸில் காமிராவை மடியில் வைத்துக்கொண்டு ஒகேனக்கல் போனேன். அங்கே ஒரு பரிசல்காரர் குதிக்கச் சம்மதித்தார். என் இரண்டு தொடைகளைச் சேர்த்தால் அவருடைய ஒரு புஜம்.

பாறையிலிருந்து குதித்தார். நான் பொத்தானை அமுக்கியபோது அவர் தண்ணீருக்குள் இருந்தார். அடுத்த முறை பதற்றத்தில் முன்னதாகவே அமுக்கிவிட்டேன். அவர் பாறைமேல் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"இன்னொருக்கா குதிக்கணுமுங்களா?"

"வெளிச்சம் சரியில்லீங்க" என்றேன். உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது.

ஐந்தாவது முறை மேலேறி வந்தவர் மூச்சு வாங்கியபடி கேட்டார்: "அந்த மருந்தக் குடிச்சா என்னங்க ஆவும்?"

"உங்க மாதிரி ஒடம்பு வருமாம்."

"அப்ப எனக்கு எதுக்குங்க அது?"

காமிராவில் பிளேட்டை மாற்றினேன். ஆறாவது முறை எப்படியோ படத்தில் விழுந்தார்.

சில மாதங்களில் என் கடைக்கு எதிர்ச்சுவரில் அது பெரிய விளம்பரமாக வந்தது. ஓவியர் கைவைத்ததில் அவருடைய கோவணம் போய்க் கோடுபோட்ட நிக்கர் வந்திருந்தது, முறுக்கு மீசை, கையில் டானிக் பாட்டில். கீழே, "நீங்களும் பாயலாம்!" எல்லாம் பொய் என்று ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவன் நான்தான். தினமும் அதைப் பார்த்துப் பார்த்து, இரண்டாவது வாரம் நானே போய் ஒரு பாட்டில் வாங்கினேன். பிறகு இன்னும் மூன்று. காலையில் திரைக்குப் பின்னால் நின்று நூலால் புஜத்தை அளப்பேன். நூல்தான் நைந்தது.

விளம்பரத்தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடி ஒகேனக்கல் போனேன். பரிசல்காரர் வெகுநேரம் பார்த்தார்.

"யாருங்க இந்த ஆளு? நல்லாத்தான் குதிக்கறாரு."

"நீங்கதானுங்க!"

நம்பவில்லை. நான் நாலு பாட்டில் குடித்ததைச் சொன்னேன். அதை உடனே நம்பினார். பரிசலில் உட்காரவைத்து, துடுப்பை என் கையில் கொடுத்து, "எங்க, தள்ளுங்க பாக்கலாம்" என்றார்.

பரிசல் நின்ற இடத்திலேயே சுற்றியது. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தலை சுற்றியதில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.