‘ஹூஸ்மன்’ என்றால் விவசாயி என்று போட்டது நான்தான்

செஞ்சி பஜாரில் ஒரு பெயின்ட் கடையின் மாடியில் உட்கார்ந்து, நார்வே நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போன விவசாயக் குடும்பங்களின் வம்சாவளியைத் தேடிக் கொடுப்பது என் வேலை. பதினோரு வருடமாகச் செய்கிறேன். ரேஷன் கடை வரிசையில் இதை இரண்டு முறை விளக்கிப் பார்த்தேன். மூன்றாவது முறையிலிருந்து டைப்பிங் வேலை என்று சொல்லிவிடுகிறேன்.

புதிதாகச் சேர்கிறவர்கள் படிக்க ஏதாவது எழுதிக் கொடு என்று எங்கள் முதலாளி சுரேஷ் கேட்டார். கீழே இருக்கும் பெயின்ட் கடை அவருடைய அப்பாவுடையது, மாடி இவருடையது. விதிமுறைகளைத் தனித்தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியாகிவிட்டது. இது விதிமுறை இல்லை. நான் செய்த ஒரு தப்பைப் பற்றியும், அது ஒரு பெரியவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தப் பார்த்தது என்பதைப் பற்றியும் எழுதுகிறேன்.

1. வேலை இதுதான்

அந்த ஊர்ச் சர்ச்சுகளில் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாவற்றையும் பெரிய புத்தகங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஊரை விட்டுப் போனவர்களுக்குத் தனிப் பக்கம் உண்டு. அவற்றின் ஸ்கேன் எங்களுக்கு வரும். அதற்குப் பிறகு கப்பலில் ஏறியவர்களின் பட்டியல், அதற்குப் பிறகு அமெரிக்க சென்சஸ். மூன்றிலும் இருப்பது ஒரே ஆள்தான் என்று நிரூபித்துச் சேர்க்க வேண்டும். இதற்கு ‘லிங்க்’ போடுவது என்று பெயர்.

அந்த பாஷை எங்களுக்குத் தெரியாது. எழுத்து தெரியும், ஒரு முந்நூறு சொல் தெரியும். அது போதும். மற்ற ஊர்களில் இதே வேலை செய்கிறவர்கள் திணறிய இடத்தில் நாங்கள் திணறவில்லை. அந்தக் காலத்து நார்வேக்காரர்கள் அப்பா பெயரைத்தான் பின்னால் போட்டுக்கொண்டார்கள். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைத்தார்கள். இனிஷியல் போட்டு வளர்ந்த எங்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரே ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டோம். முதல் மாதத்தில் ஒரு மணப்பெண்ணுக்கு, பொருத்தமான பெயரும் வயதும் உள்ள மாப்பிள்ளையைக் கண்டுபிடித்து லிங்க் போட்டேன். அவன் பெண்ணின் அம்மாவுக்குக் கூடப் பிறந்த தம்பி. எனக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை, நல்ல இடம் என்றுகூட நினைத்தேன். எங்களுக்கு வேலை கொடுக்கும் அமெரிக்கக் கம்பெனியிலிருந்து வந்த மெயில் முழுக்கச் சிவப்பு எழுத்தில் இருந்தது. அன்றிலிருந்து எங்கள் போர்டில் ‘தாய்மாமனுக்குக் கொடுக்காதே’ என்று எழுதியிருக்கிறது.

2. என் முடிவு

புத்தகத்தில் தொழில் என்று ஒரு கட்டம் உண்டு. எங்கள் கம்ப்யூட்டரில் அதற்கு ஆறு வகைகள் கொண்ட பட்டியல் வரும். ஃபார்மர், லேபரர், வேலைக்காரர், மீனவர், சிப்பாய், மற்றவை. ஒன்றைத் தொட வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் கட்டத்தில் அடிக்கடி வந்த சொல் ஹூஸ்மன். பயிற்சித் தாளில் விளக்கம் இருந்தது. பண்ணைக்காரருடைய நிலத்தில் ஓரமாக ஒரு குடிசை போட்டுக்கொள்ளலாம், கொஞ்சம் கிழங்கு பயிர் வைத்துக்கொள்ளலாம், அதற்குப் பதிலாகப் பண்ணைக்காரர் கூப்பிடும்போதெல்லாம் போய் வேலை செய்ய வேண்டும். நிலம் அவனுடையது ஆகாது.

என்னோடு முதல் நாளிலிருந்து வேலை பார்க்கும் மஞ்சுளா கேட்டாள். “அக்கா, இந்த ஹூஸ்மனுக்கு இன்னா போடறது?”

“நிலத்துலதான வேல செய்யறான். ஃபார்மர் போடு.”

ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. என் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் விவசாயம் என்று இருக்கிறது. எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். ஒருத்தருக்கும் ஒரு சென்ட் நிலம் கிடையாது. கூலி என்று நாங்களும் சொல்ல மாட்டோம், தலைமை ஆசிரியரும் எழுத மாட்டார். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, எழுதுகிற முறை அது. மாடியில் நாங்கள் எட்டுப் பேர். எட்டுப் பேர் விண்ணப்பமும் அதே மாதிரிதான் என்பதால் என் முடிவை யாரும் கேள்வி கேட்கவில்லை. சில வருடங்களில் நார்வேயில் கூலி ஆளே இல்லாமல் செய்துவிட்டோம்.

3. ஹெரால்ட் ஐயா

இவர் அமெரிக்காவில் சோளம் போடுகிற விவசாயி. எண்பதைத் தொடப் போகிறார். தன் கொள்ளுத்தாத்தா ஓலே என்பவரைத் தேடித் தரச் சொன்னார். இவர்கள் குடும்பப் பெயர் நார்வேயில் ஒரு பண்ணையின் பெயர். எந்தப் பண்ணை என்று சொல்ல மாட்டேன், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அமெரிக்காவுக்குப் போனவர்கள் தாங்கள் இருந்த பண்ணையின் பெயரைக் குடும்பப் பெயராக வைத்துக்கொள்வது வழக்கம். பண்ணைக்காரரும் வைத்துக்கொண்டார், பண்ணையில் வேலை செய்தவரும் வைத்துக்கொண்டார்.

ஓலேயை மஞ்சுளா கண்டுபிடித்தாள். நான் சரிபார்த்து அனுப்பினேன். தொழில் ஃபார்மர். ஹெரால்ட் ஐயாவுக்கு ஒரே சந்தோஷம். வீடியோவில் வந்து நன்றி சொன்னார். எனக்குப் பின்னால் ஜன்னலில் தெரிந்த மலையையும் கோட்டையையும் பார்த்து, அது உங்கள் குடும்பத்துடையதா என்று கேட்டார். இல்லை, தொல்லியல் துறையுடையது என்றேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு மெயில். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று தன்னோடு சேர்த்துப் பதினேழு பேர் நார்வேக்குப் போகிறார்கள். இப்போது பண்ணையை வைத்திருப்பவருக்குச் சொல்லவில்லையாம், திடீரென்று போய் நிற்க வேண்டுமாம். பதினேழு பேருக்கும் டீ-ஷர்ட் அடித்தாகிவிட்டது. போட்டோவும் இணைத்திருந்தார். ‘எங்கள் பண்ணைக்குத் திரும்பி வந்திருக்கிறோம்’ என்று நெஞ்சில் எழுதியிருந்தது. ஓலேயின் பெயர் இருக்கும் அசல் பக்கத்தை அனுப்பினால் கண்ணாடி பிரேம் போட்டு எடுத்துப் போவேன் என்று கேட்டிருந்தார்.

பக்கத்தைத் திறந்தேன். ஓலே, பண்ணையின் பெயர், ஹூஸ்மன். தெளிவான கையெழுத்து. நிலம் இல்லாத ஹூஸ்மன் என்று பக்கத்திலேயே இன்னொரு சொல்லும் இருந்தது. கீழே கடையில் பெயின்ட் கலக்கும் மெஷினைப் போட்டார்கள். அது ஓடினால் எங்கள் மேஜை எல்லாம் ஆடும். மெஷின் நின்ற பிறகு அந்த வரியை இன்னொரு முறை படித்தேன்.

அந்த நாட்டில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு ஊர்ப் புத்தகம் உண்டு. எந்தப் பண்ணையில் யார் சொந்தக்காரர், யார் ஹூஸ்மன் என்று எல்லாம் அதில் இருக்கும். பண்ணைக்காரர்கள் வீட்டில் கட்டாயம் ஒரு பிரதி இருக்கும். ஹெரால்ட் ஐயா பேரப்பிள்ளைகளோடு அந்தச் சட்டையில் வாசலில் நிற்பார். உள்ளேயிருந்து ஒருவர் புத்தகத்தை எடுத்து வந்து, உங்கள் தாத்தா எங்களிடம் வேலை செய்தவர் என்று காட்டுவார்.

4. எனக்கு ஏன் தெரியும்

அனந்தபுரத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஊர். நைனா, அதாவது என் அப்பா, கிணற்றடியில் இருக்கிற நிலத்தை எப்போதும் ‘நம்ம கழனி’ என்றுதான் சொல்வார். நம்ம கழனியில் இன்று நடவு, நம்ம கழனியில் தண்ணீர் பாய்கிறது. அது எங்களுடையது இல்லை என்று எனக்குத் தோன்றியதே இல்லை. காலேஜ் முடித்ததும் இனிப்பு வாங்கிக்கொண்டு ஒரு பெரிய வீட்டுக்கு என்னை அழைத்துப் போனார். எதற்கு என்று கேட்டேன், தெரிந்தவர்கள் என்றார். அந்த வீட்டு மருமகள் இனிப்பை வாங்கிக்கொண்டு, வந்திருந்த விருந்தாளிகளிடம் என்னைக் காட்டினார். “நம்ம கழனியில வேல செய்யறாரே, அவரு பொண்ணு.” நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்.

நான்கு நாள் நைனாவிடம் பேசவில்லை. ஐந்தாம் நாள் அவராகவே, “நட்டது நானு, அறுத்தது நானு. எங்கழனின்னு சொல்லாம இன்னான்னு சொல்லுவேன்” என்றார். அவர் நிலம் இல்லாதவர் என்பதில் எனக்கு வெட்கம் இல்லை. வீட்டில் அவர் வாயால் கேட்டிருந்தால் அது ஒரு சேதி, அவ்வளவுதான். விருந்தாளிகள் நடுவில் அடுத்தவர் வாயால் கேட்டதுதான் பொறுக்கவில்லை.

5. சுரேஷ் சொன்னது

ஹெரால்ட் ஐயாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று சுரேஷிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை, வியாபாரக் குடும்பம். பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்டார்.

“அந்தாளு கேக்கவே இல்லியே கலா. நீ ஏன் போயி வாயக் குடுக்கற? ஒண்ணு தப்புன்னா எல்லா ஃபைலையும் தொறப்பாங்க. எட்டு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.”

அதில் நியாயம் இருந்தது. எட்டுப் பேரில் மூன்று வீடுகளில் இந்தச் சம்பளம் மட்டும்தான் வருமானம், அதில் ஒன்று என்னுடையது. மறுநாள் மேல்மலையனூர் அமாவாசை. பஸ் எல்லாம் அங்கே போய்விட்டதால் ஐந்து பேர் வரவில்லை. வந்தது நான், மஞ்சுளா, கடைசியில் சேர்ந்த ஒரு பெண். மஞ்சுளாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவள் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே, “அந்த தாத்தா அங்க போயி நின்னா நல்லாவா இருக்கும்? சொல்லிடுக்கா” என்றாள். சாயங்காலம் ஏழு மணிக்கு ஹெரால்ட் ஐயாவை வீடியோவில் கூப்பிட்டேன். அவருக்கு அது காலை, ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

சுற்றி வளைக்கத் தெரியாததால் நேராகச் சொன்னேன். உங்கள் கொள்ளுத்தாத்தா பண்ணைக்குச் சொந்தக்காரர் இல்லை, அங்கே நிலமில்லாமல் வேலை செய்தவர், ஃபார்மர் என்று போட்டது என் தப்பு. அவர் ரொட்டியைத் தட்டில் வைத்தார். பழைய நார்வே சென்சஸில் மாடு கன்றுக்குக்கூடக் கணக்கு எடுத்திருப்பதால், ஓலேயிடம் என்ன இருந்தது என்று கேட்டதும் பார்த்துச் சொல்ல முடிந்தது. ஒரு பசு, மூன்று செம்மறி ஆடு.

நிலம் எவ்வளவு என்று கேட்டார். அந்தக் கட்டத்தில் கோடு போட்டிருக்கிறது என்றேன். எங்களுக்கு அங்கே சொந்தப் பண்ணை இருந்தது என்று அறுபது வருடமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றார். கோபமா, வருத்தமா என்று குரலில் தெரியவில்லை. பிறகு திரை கறுப்பாகிவிட்டது.

விஷயம் தெரிந்ததும் சுரேஷ் என்னைத் திட்டவில்லை. கீழே போய் அப்பா கடையில் உட்கார்ந்துகொண்டார். எனக்கு அது திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஏழு வாரம் ஹெரால்ட் ஐயாவிடமிருந்து ஒரு வரி இல்லை. அந்த ஏழு வாரமும் மெயில் வரும் சத்தம் கேட்டால் முதலில் அனுப்பியவர் பெயரைத்தான் பார்ப்பேன்.

6. வந்த கடிதம்

எட்டாவது வாரம் வந்தது. அவர் இங்கிலீஷில் எழுதியதை நம் பேச்சில் தருகிறேன்.

நார்வேக்குப் போனாராம். சட்டைகளை எடுத்துப் போகவில்லை, டிராக்டர் துடைக்க உதவுகின்றன. விமானம் ஏறுவதற்கு முன்பே பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் தானே சொல்லிவிட்டார். ஒரு மகன் மட்டும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பண்ணைக்காரருக்கு முன்கூட்டியே எழுதினார். வாசலில் நின்று, என் கொள்ளுத்தாத்தா உங்கள் பண்ணையில் ஹூஸ்மனாக இருந்தார் என்று அறிமுகம் செய்துகொண்டார். அந்த மனிதர் காபி கொடுத்துவிட்டு, மேட்டுக்கு அழைத்துப் போய் ஓலேயின் குடிசை இருந்த இடத்தைக் காட்டினார். பாறைக்குக் கீழே, வெயில் படாத சரிவு. அஸ்திவாரக் கல் மட்டும் இருக்கிறது. கிழங்கு போட்ட இடத்தைப் பேரப்பிள்ளைகள் தப்படி வைத்து அளந்தார்கள். பதினாறு தப்படி நீளம், பதினொரு தப்படி அகலம்.

கடைசிப் பத்தியை அப்படியே எழுதுகிறேன்.

“எங்கள் குடும்பத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வயதில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. சொந்தமாகப் பண்ணை இருந்தால் தாத்தா ஏன் விட்டுவிட்டு வந்தார்? நான் என் அப்பாவைக் கேட்டேன். என் பிள்ளைகள் என்னைக் கேட்டார்கள். யாரிடமும் பதில் இல்லை. அந்த மேட்டில் பதினாறு பேர் என்னைச் சுற்றி நின்றார்கள். ஒருவரும் கேட்கவில்லை.”

மஞ்சுளாவுக்கு இதைப் பாதிவரை படித்துக் காட்டினேன். மீதியை அவளே எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

சுரேஷ் பயந்தது முழுக்க நடக்கவில்லை, பாதி நடந்தது. அமெரிக்கக் கம்பெனியில் எல்லா ஃபைலையும் திறக்கச் சொன்னார்கள், ஆனால் எங்களையே திருத்தச் சொன்னார்கள். தப்பு என்னுடையது என்பதால் பெரும் பங்கு நான் திருத்துகிறேன். இன்னும் முடியவில்லை. பட்டியலில் ஏழாவதாக ‘நிலமற்றவர்’ என்று ஒரு வகை வந்திருக்கிறது.

நீங்கள் இந்த வேலைக்கு வந்து அந்தக் கட்டத்தை நிரப்பும்போது, செத்துப்போனவருக்குக் கொஞ்சம் மரியாதையாகப் போடலாமே என்று கட்டாயம் தோன்றும். நமக்கெல்லாம் தோன்றும், அப்படித்தான் வளர்ந்திருக்கிறோம். போடாதீர்கள். ஒருவர் ஏன் ஊரை விட்டுப் போனார் என்பதற்கு அந்தப் புத்தகத்தில் வேறு கட்டம் கிடையாது.