ஜெபத்துரை பக்கத்தில் நீக்கல் அறிவிப்பு வைத்தது நான்தான்

ஜெபத்துரை போய்விட்டார். இன்று காலை, ஆஸ்பத்திரியில்... நெஞ்சுவலி.

முதலிபாளையம் எஸ்டேட் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த அதே ஜெபத்துரைதான். 2008, 2009 வாக்கில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் பனியன் கம்பெனி ஆட்களை உட்கார வைத்து, இணையக் கலைக்களஞ்சியத்தில் தமிழில் எழுதக் கற்றுக்கொடுத்தவர்.

மத்தியானத்துக்குள் அந்தக் களஞ்சியத்தில் அவர் பெயரில் ஒரு பக்கம் வந்துவிட்டது. எழுதியவர் அவரிடம் கற்றுக்கொண்ட பாலுச்சாமி. அதன் தலையில் "இந்தப் பக்கத்தை நீக்கலாம்" என்று அறிவிப்பு வைத்தது நான்.

ஆமாம், நான்தான். திட்டுகிறவர்கள் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். வெளியூரில் இருந்த மகளுக்கு மெயில் அனுப்பத்தான் அந்தக் கடைக்குள் போனேன். "எக்கா, தமிழ்ல டைப் பண்ணுதீங்களே, இதுலயும் எழுதுங்க" என்று பிடித்து உட்கார வைத்துவிட்டார். தெற்கே நாசரேத்து ஊர்ப் பக்கத்துக்காரர். கடைசிவரை அந்தப் பேச்சு மாறவில்லை.

எங்கள் ஆட்கள் எதை எழுதினாலும் முதலில் பிள்ளையார் சுழி. கம்ப்யூட்டரிலும் அதையே செய்தோம்... ஒவ்வொரு கட்டுரையின் உச்சியிலும் ஒரு "உ". ஜெபத்துரை ஒவ்வொன்றாக எடுத்தார்.

பாலுச்சாமிக்கு வந்ததே கோபம். "ஏனுங்க, நீங்க வேதக்காரருன்னா எங்க பிள்ளையாரை அழிச்சுப் போடுவீங்களா?"

"அண்ணாச்சி, நான் சிலுவை போட்டு எழுதினாலும் எடுக்கத்தான் செய்யணும். படிக்க வாறவன் எந்தச் சாமியக் கும்பிடுதான்னு நமக்குத் தெரியாதுல்லா."

அடுத்த ஞாயிறு போனால் ஒவ்வொரு மானிட்டர் தலையிலும் மஞ்சள் தாளில் "உ" எழுதி ஒட்டியிருந்தது. அவர் கையெழுத்துத்தான். "இதத் தொட்டுக் கும்பிட்டுட்டு எழுதுங்க. பக்கத்துக்குள்ள மட்டும் வேண்டாம்."

சர்ச்சில் ஆராதனை முடித்து, பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராகக் கடைக்கு வருகிற மனுஷன் செய்த வேலை அது.

இப்போது என் வழக்குக்கு வருகிறேன். மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

என் அம்மாவின் அப்பா, கணியூர் அப்புச்சியைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். ஊர்க்கிணறு வற்றிய கோடையில் தன் தோட்டத்துக் கிணற்றைச் சாதி பார்க்காமல் எல்லோருக்கும் திறந்துவிட்டவர். அதற்காகப் பங்காளிகள் அவரோடு பேச்சையே நிறுத்தினார்கள்.

ஒரு மத்தியானம் முழுக்க ஒற்றை விரலால் அடித்தேன். நடுவில் கரண்ட் போய்ப் பாதி அழிந்தது. மறுபடியும் அடித்தேன்.

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பக்கமே இல்லை.

"ஏந்தம்பி, எங்க அப்புச்சி எங்கே?"

"எடுத்துட்டேன்க்கா. நல்ல மனுஷர்தான். ஆனா அவுகளப் பத்தி வெளியாள் யாரும் எங்கயும் எழுதலையே."

"அப்ப நான் பொய் சொல்றனா?"

"பொய்யின்னு யாரு சொன்னா? நீங்க பேத்தி. பேத்தி சொல்லி அங்க வைக்க முடியாது. எங்கப்பாவப் பத்தி நான் எழுதினாலும் இதேதான்க்கா."

நான் அன்றைக்குச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுதினால் என் கணக்கை மூடிவிடுவார்கள்.

அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை ஜெபத்துரை. செத்துப்போனால் மன்னித்துவிடுவேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனாலும் அடுத்த ஞாயிறு போனேன். அவர் தப்பைப் பிடிக்கவே போனேன். அவிநாசிபாளையம் பற்றி அவர் எழுதியிருந்ததில் ஒரு வரிக்கு ஆதாரம் இல்லை. "சான்று தேவை" என்று அந்த வரியிலேயே போட்டேன்.

கோபப்படுவார் என்று பார்த்தால்... கடையில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டுக் காட்டுகிறார். "எக்கா என்னையே பிடிச்சிட்டாகல்லா!"

அன்றிலிருந்து புதிதாக வருகிறவர்களை என் பக்கம் தள்ளிவிட்டார். வந்தவர்கள் முதலில் எழுதுவது முதலாளியின் புகழ், இல்லாவிட்டால் அப்பாவின் புகழ். எல்லாவற்றையும் நான் எடுக்கச் சொன்னேன். அழுதவர்கள்கூட உண்டு.

அவர்களிடம் எல்லாம் விதி விதி என்று சொன்ன வாய் இது. இன்றைக்கு எப்படி மாற்றிப் பேசும்?

பாலுச்சாமி போன் செய்தார். "உங்களுக்குக் கல்லு மனசுங்க."

"ஆமாங்க. அது இன்னைக்குத்தான் தெரிஞ்சுதுங்களா?"

அவருக்குப் பதில் சொல்லிவிடலாம். ஜெபத்துரை சம்சாரம் ஸ்டெல்லாவுக்கு என்ன சொல்வது?

சாயங்காலம் அவர் வீட்டில், சவப்பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எக்கா, பிள்ளைங்க போன்ல அந்தப் பக்கத்தையேதான் பாத்துட்டு இருக்குதுவ. நீங்களாவது விட்டிருக்கலாம்லா..."

நான் அவள் கையை விடவில்லை. அறிவிப்பையும் எடுக்கவில்லை. ஜெபத்துரையைப் பற்றியும் வெளியாள் யாரும் இன்னும் எங்கேயும் எழுதவில்லை.

களஞ்சியத்தில் ஒரு வாரம் விவாதம் நடக்கும். "நீக்கலாம்" என்று சொல்ல நான் ஒருத்திதான் இருப்பேன் போலிருக்கிறது. இருக்கட்டும்.

இந்த ஊர்ப் பத்திரிகைக்காரர்கள் சிலர் இங்கே என் நட்பில் இருக்கிறீர்கள். பனியன் கம்பெனி ஆண்டு விழா என்றால் அரைப் பக்கம் போடுகிறீர்கள். இந்த மனுஷனுக்கு ஒரு பத்தி போட இடம் கிடைக்காதா?

நான் சொன்னேன் என்று எழுதாதீர்கள். நேரில் போங்கள். அவரிடம் கற்றுக்கொண்டவர்களைத் தேடிப் பிடியுங்கள், விசாரித்து எழுதுங்கள். அச்சில் வரட்டும். அறிவிப்பை என் கையாலேயே எடுக்கிறேன்.

வராவிட்டால்... எங்கள் அப்புச்சிக்கு இல்லாத இடம் உங்களுக்கும் வேண்டாம் ஜெபத்துரை தம்பி.

நாளைக்குப் பதினோரு மணிக்குக் கல்லறைத் தோட்டம். அவரோடு சண்டை தீராதவர்களும் வரலாம். நான் வருகிறேன்.