பக்கத்துக் கட்டில்காரர்

கத்தாரில், தோஹாவின் நஜ்மா பகுதியில், ஒரு ரூமில் கட்டில் மட்டும் வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கிறேன். எங்களைப் போன்றவர்களுக்கு எந்த நோய்க்கும் ஒரே வைத்தியம்தான்: லீவில் ஊருக்குப் போய்க் காட்டிக்கொள்வது. இங்கே எமர்ஜென்சிக்குப் போனால் சம்பளமே கரைந்துவிடும் என்ற பயம். கம்பெனி கொடுத்த இன்சூரன்ஸ் கார்டு எதற்கெல்லாம் செல்லும் என்றுகூட நான் விசாரித்ததில்லை.

அதனால் ஒருநாள் வந்த வயிற்றுவலியையும் மாத்திரையிலேயே ஓட்டினேன். போனில் மனைவியிடம், "நல்லாத்தான் இருக்கேன்" என்றேன். மறுநாள் காலை பாத்ரூம் வாசலில் மயங்கி விழுந்தேன்.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரி. "குடல்வால் வெடிக்கிற நிலைமையில இருக்கு. உடனே ஆபரேஷன் பண்ணணும்" என்றார் தமிழ் பேசிய நர்ஸ்.

"எவ்வளவு ஆகும் சிஸ்டர்?"

"கார்டுதான் இருக்கே, அதுலயே முடிஞ்சிடும். யாருக்குச் சொல்லணும்?"

மனைவி நம்பரைச் சொன்னேன்.

"அது ஊர் நம்பர். இங்க யார் இருக்கா?"

"யாரும் இல்ல சிஸ்டர்."

"அப்போ உங்களைக் கூட்டிட்டு வந்தவர்?"

காலையில் டூட்டி முடிந்து வந்த பக்கத்துக் கட்டில்காரராகத்தான் இருக்கும். அவருக்கு நைட் டூட்டி, எனக்குப் பகல். ஒருவர் தூங்கும் முகத்தைத்தான் மற்றவர் பார்த்திருக்கிறோம். பெயர்கூடத் தெரியாது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது கார்டின் விவரமெல்லாம் எனக்கு அத்துப்படி. வலி வந்தால் லீவுக்குக் காத்திருப்பதில்லை. காலையில், அவர் டூட்டி முடிந்து வரும்வரை காத்திருந்து, "போயிட்டு வரேன் பாய்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன். இந்த ஊரில் அப்படிச் சொல்லிக்கொள்ள எனக்கு அவர் ஒருவர்தான்.